துண்டு போட்ட சீட்டும் வரிசையில் வைத்த குடமும்

காலை எட்டே காலுக்குக் காந்திபுரத்தில் அவிநாசி பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. ஆளைக் காணோம். துண்டை எடுத்துக் கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பஸ் கிளம்பும் நேரத்தில், டீ குடித்துவிட்டு ஒரு பெரியவர் ஏறினார்.

"ஏனுங்க அம்மணி, நான் துண்டு போட்டிருந்தேனுங்களே."

"துண்டுதானே கிடந்தது, நீங்கள் இல்லையே," என்றேன். மெட்ராஸ் திமிர், வேறென்ன.

"துண்டு கெடந்தா நான் இருக்கறாப்பலதானுங்க," என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கருமத்தம்பட்டி வரை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், நாலு ரூபாய் டிக்கெட். மனிதர் நின்றபடியே வந்தார்.

நான் கருமத்தம்பட்டிக்குப் போனது மொழி வேலையாக. ஒரு பொருளை வைப்பதையும் எடுப்பதையும் வெவ்வேறு மொழிக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு பேராசிரியருக்காகப் பதிவு செய்ய வேண்டும். பையில் டேப் ரிக்கார்டர், டம்ளர், மூடி போட்ட டப்பா, மோதிரம், ஒரு பொட்டலம் வரமிளகாய். ஒருவர் செய்து காட்ட, மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் ஒத்துக்கொண்டிருந்தார்கள். சரோஜா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தங்கமணி தமிழ். இருவருமே விசைத்தறிக்கு நூல் சுற்றுகிறவர்கள்.

ஒன்பதரைக்குச் சரோஜா வீட்டை அடைந்தேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். காப்பியைக் கொடுத்ததும் சரோஜா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கமணியக்கா எங்கூடப் பேசறதில்லீங்க. ரெண்டு மாசமாச்சு. பத்து வருசம் ஒண்ணாப் பொழங்கினவங்க."

தெருக்குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போவது இங்கே வழக்கம். அன்றைக்குத் தங்கமணியின் முறை வந்தபோது ஆளைக் காணோம். "தண்ணி நிக்கற நேரமுங்க. எங்க வீட்டுல ஒரம்பரைச் சனம் வேற வந்திருந்தாங்க. அக்கா குடத்தை எடுத்து ஓரமா வெச்சுட்டு எங்குடத்தை வெச்சேன்." அவ்வளவுதான் நடந்தது. தங்கமணிக்கு அன்று தண்ணீர் கிடைக்கவில்லை. பேச்சும் நின்றுவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. துண்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

பத்து மணிக்குத் தங்கமணி வந்தார். "ஊரு விட்டு ஊரு வந்திருக்கீங்கன்னுதான் வந்தேனுங்க," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்தார்.

வேலை என்னவோ நன்றாகவே நடந்தது. டம்ளரைத் தரையில் வைத்தால் தங்கமணிக்கு 'வெச்சாங்க'. மோதிரத்தை விரலில் மாட்டினால் 'போட்டாங்க'. சரோஜாவின் தெலுங்கில் இரண்டுக்கும் 'பெட்டு'. டம்ளரைத் தூக்கினாலும், மோதிரத்தைக் கழற்றினாலும், டப்பாவைத் திறந்தாலும் அவருக்கு ஒரே 'தீயி'. தமிழிலோ எடு, கழட்டு, திற என்று மூன்று. எனக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. டேப் ரிக்கார்டரைப் பார்த்தே பேசினார்கள்.

கடைசிப் பொருள், மிளகாய். கையிலிருந்து கைக்கு மாற வேண்டும் என்பது கணக்கு. பொட்டலத்தைப் பிரித்துச் சரோஜா முன்னால் வைத்து, "அவங்க கையில் கொடுங்கள்," என்றேன்.

சரோஜா ஒரு பிடி அள்ளினார். பாதியில் கை நின்றது. அந்தப் பக்கம் தங்கமணி கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"கையில குடுக்கக் கூடாதுங்க," என்றார் சரோஜா.

"சண்டை வந்துருமுங்க," என்றார் தங்கமணி, அதே மூச்சில்.

நான் பிறந்து வளர்ந்த கும்பகோணத்து வீட்டிலும் உப்பு, மிளகாய் கைமாறாது. ஆராய்ச்சி என்று கிளம்பியதும் என் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

தங்கமணிதான் முதலில் சரோஜாவைப் பார்த்தார். "இன்னும் என்ன சண்டை பாக்கி இருக்குதாம்?"

சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு மேல வேண்டாமுங்க்கா. கீழ வெக்கறேன், எடுத்துக்கங்க." மிளகாயைத் தரையில் வைத்தார். "உங்க குடத்தைத் தொட்டது தப்புதானுங்க்கா."

"தப்புதான்." தங்கமணி விட்டுக்கொடுக்கவில்லை. "என்னையவே புடிச்சு ஓரமாத் தள்ளுனாப்பல இருந்துச்சு." சொல்லிக்கொண்டே மிளகாயை ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தண்ணி வர நேரமாச்சு. உங்குடத்தைக் கொண்டா கண்ணு. ரெண்டையும் சேத்து வெச்சுப்போடறேன்."

எனக்குப் பதிவை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

மத்தியானம் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். ஒரு மணிக்கு பஸ்ஸுக்காக நடந்தபோது குழாயடியைக் கடந்தேன். தண்ணீர் இன்னும் வரவில்லை. வரிசையில் ஒரு பச்சைக் குடமும் ஒரு சிவப்புக் குடமும் ஒட்டி நின்றன. ஆட்கள் யாரும் இல்லை.

கோவை பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் ஒரு துண்டு.

"ஆரோ போட்டுட்டு எறங்கியிருக்காங்க. எடுத்து வெச்சுட்டு உக்காருங்க அம்மணி," என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க, ஆள் இருக்காங்க," என்றேன். காந்திபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.