பெயர் வெட்டிய கத்தி

காலை ஆறரை மணிக்கு அடுத்த வீட்டிலிருந்து 'சரக், சரக்' என்று சத்தம் வந்தால், நுமாத்தா கென்சாகு கத்தி தீட்டுகிறார் என்று அர்த்தம். நேற்றுத் தீட்டியதை இன்று ஏன் தீட்ட வேண்டும் என்று கேட்கக் கூடாது. இடைப்பட்ட நேரத்தில் அது ஒரு வெங்காயத்தைக்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைவூட்டவும் கூடாது.

குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கோப்பு பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம், கத்திக்குப் பேர்போன சாக்காய் ஊரில் பிறந்துவிட்டு வீட்டில் கையால் அடித்த கத்தி இல்லையே என்று அவருக்கு ஞானோதயம் வந்தது. நான்கு நாள் கடைகடையாக ஏறி இறங்கினார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கத்தியின் முதுகு நேராக இருக்கிறதா என்று மகா நிபுணர்போலப் பார்த்தார்.

பச்சை மீன் சீவும் நீளக் கத்திக்கு ஒரு பக்கம்தான் கூர். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு வேறொன்று. "ஐயாவுக்கு எந்தக் கை?" என்றார் கடைக்காரர். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல நுமாத்தா வலக்கையை உயர்த்தினார். கடைக்காரர் உளியால் தட்டித் தட்டி அவர் பெயரைக் கத்தியில் வெட்டிக் கொடுத்தார். பெயர் வெட்டிய கத்தியை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

அன்று முதல் வீட்டில் புதுச் சட்டம். எலுமிச்சை ஆகாது, எலும்பு ஆகாது, பூசணி ஆகவே ஆகாது. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் துரு ஏறிவிடும் என்று துடைத்து, எண்ணெய் தடவி, மரப்பெட்டியில் தூங்க வைப்பார். எல்லாவற்றையும்விட ஆகாதது, மனைவி ஃபுமியேயின் கை.

"இதெல்லாம் உனக்குப் பிடிபடாது. நீ தொடாத."

ஃபுமியே மலிவுக் கடைக் கத்தியால் மூன்று வேளையும் சமைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். "தீட்டித் தீட்டியே அதைப் பல்குச்சி ஆக்கிடுவாரு, பாருங்கக்கா" என்பார் என்னிடம்.

போன ஞாயிறு, மகள் சிகுசாவுக்குப் பார்த்திருக்கும் பையனின் பெற்றோர் முதன்முறையாக விருந்துக்கு வந்தார்கள். பையனின் அப்பா நாற்பது வருஷம் மீன் சந்தையில் இருந்தவர். போயும் போயும் அவரிடம் நுமாத்தா, "மீனை உங்க கண்ணு முன்னாடி நானே சீவுறேன்" என்று தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தார்.

"வேணாம்ப்பா, கடையிலயே சீவித் தருவாங்க" என்று சிகுசா கெஞ்சினாள். யார் கேட்டது?

உதவிக்குப் போயிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். புது வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு, சிவந்த கடல்மீனின் சதையில் கத்தியை வைத்தார். முதல் துண்டு ஒரு முனையில் காகிதம், மறு முனையில் செருப்பு. இரண்டாவது நடுவிலேயே கிழிந்தது. மூன்றாவதற்குக் கத்தி தானாக இடக்கைக்குப் போனது. பிடி இப்போது லாவகம்தான், ஆனால் வலக்கைக்கு அடித்த கத்தி கோணிக்கொண்டு ஓடியது.

"சார், நீங்க இடக்கைக்காரரா?" என்றார் மீன்காரர், மெதுவாக.

"சேச்சே! எழுதுறது, சாப்பிடுறது எல்லாமே வலக்கைதான்."

"அது பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்துனது" என்றார் ஃபுமியே, சூப்பைக் கிளறியபடியே. "கொசு அடிக்கிறது, மூடி திறக்கிறது எல்லாம் இடதுதான். முப்பத்தஞ்சு வருஷமாப் பாக்குறேன். கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரம் கழுவும் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிகுசாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அறுபத்தொரு வயதுவரை சமையலறையில் கத்தியே பிடிக்காத மனிதருக்கு, அதைப் பிடிப்பது எந்தக் கை என்று எப்படித் தெரியும்? எனக்கு அவரைப் பார்க்க நிஜமாகவே பாவமாக இருந்தது.

பலகையில் இன்னும் பாதி மீன் மிச்சமிருந்தது. நுமாத்தா கத்தியைத் துடைத்தார், வழக்கம்போல இரண்டு முறை. பிறகு கூர்முனையைத் தன் பக்கம் திருப்பி, கைப்பிடியை ஃபுமியேயை நோக்கி நீட்டினார், இடக்கையால்.