தகர டிரம்மில் அடித்த தாளம் என்னுடையது

செய்தி எனக்குச் சுவரில் வந்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எழுத்து தெரிந்த இந்த இரண்டு வருஷமாக நான் எந்தச் சுவரையும் சும்மா விடுவதில்லை. ஓட்டல் பலகை, லாட்ஜ் பலகை, மூலத்துக்கு வைத்தியம் சொல்லும் நோட்டீஸ், எல்லாவற்றையும் படித்துவிடுவேன். அன்றைக்கு ஒரு புதுப் போஸ்டர் இருந்தது. பசைகூடக் காயவில்லை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்பதை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ‘ஞ்ச’ வரும் இடத்தில் எனக்கு எப்போதும் தடுக்கும், அன்று தடுக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“என்னா பெருசு, போஸ்டருக்குள்ளயே பூந்துடுவ போல இருக்குது” என்றார் டீக்கடைக்காரர்.

சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன். ‘ஆசிரியை சகுந்தலா’ என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயது வரை படத்தை மட்டுமே பார்த்தவன் நான். அன்று எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருந்த அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன்.

டீச்சரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கிளியனூர் போகும் சாலையில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தார். சாயங்காலம் எங்களைப் போன்ற ஒன்பது பேருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். நான் ஐம்பது வருஷம் கரும்பு வெட்டியவன். என் பிடியில் முதல் வாரம் மூன்று பென்சில் உடைந்தது. டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஐயா, கரும்பு மாதிரி புடிக்காதீங்க. கோழிக்குஞ்சு மாதிரி புடிங்க” என்றார். இப்போதும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டையில் ‘கரீபியன் தீவுகள்: பாடம் நடத்தச் சில வழிகள்’ என்று எழுதியிருப்பார். அந்த அட்டையைப் படிக்க எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. உள்ளே, ‘மரவள்ளிக்கிழங்கு: யார் வீட்டில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும்.’ ‘திருவிழா: பழைய துணியில் பறவை உடுப்பு தைத்து ஊர்வலம்.’ ‘கிரிக்கெட்: அந்த ஊர் ஆட்டக்காரர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?’ இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கும். இவ்வளவு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “மனப்பாடம் பண்ணா நாலு நாள்ல மறந்துடும் ஐயா. ஒரு தரம் கையால செஞ்சா மறக்காது” என்றார்.

“அந்தத் தீவப் பத்தி எனுக்கு என்னா தெரியும் டீச்சர்?” என்றேன்.

“கரும்பு தெரியுமில்ல?”

பிறகு சொன்னார். நம் பக்கத்து ஜனங்கள் புதுச்சேரியில் கப்பல் ஏறி, அந்தத் தீவுகளுக்குக் கரும்பு வெட்டப் போனார்களாம். நிறையப் பேர் திரும்பவில்லையாம். அங்கேயே மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்களாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பு முடிந்தும் மூன்று தரம் வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்டேன். அங்கேயும் தோகை கையைக் கிழிக்குமா? அங்கேயும் பெண்கள்தான் கட்டுக் கட்டுவார்களா? “எனக்குத் தெரியாது ஐயா. நீங்க வந்து புள்ளைங்களுக்குச் சொல்லுங்க” என்றார்.

கரும்புப் பாடத்துக்கு முன்னால் மேளப் பாடம் வந்தது. அந்தத் தீவு ஒன்றில் ஏழை ஜனங்கள் மேளம் அடிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டானாம். அவர்கள் மூங்கிலைத் தட்டினார்கள், தகரத்தைத் தட்டினார்கள், கடைசியில் காலி எண்ணெய் டிரம்மையே மேளமாக்கினார்கள் என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொன்னார். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் இரண்டு, பெயிண்ட் வாளி ஏழு கொண்டுவந்து வைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

“ஐயா, உங்களுக்குத் தாளம் தெரியுமாமே. சந்தோஷமா ஒன்னு கத்துக்குடுங்க.”

என் அப்பா சாவு வீடுகளில் மேளம் அடித்தவர். அது வேண்டாம் என்றுதான் நான் சின்ன வயசிலேயே கத்தியை எடுத்துக்கொண்டு கரும்புக் காட்டுக்குப் போனேன். ஆனால் கைக்கு மறக்கவில்லை. சாமி ஊர்வலத் தாளமும் எனக்குத் தெரியும். அது வேகமாக ஓடும், பிள்ளைகளுக்குப் பிடிபடாது. சாவுத் தாளத்தில் ஒன்று நிதானமாக ஆரம்பிக்கும், சீக்கிரம் கையில் வந்துவிடும். சுலபம் என்று அதைக் கொடுத்தேன். டீச்சர் விழுப்புரம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அது என்ன தாளம் என்று தெரியாது. கைதட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் குதித்தார்கள். “தாத்தா, இன்னொரு தபா!”

மூன்றாவது தபாவில் தெரு வந்துவிட்டது. முதலில் டெய்லர், கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார். பின்னால் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், கால் சேற்றோடு. “யாருங்க? யாரு போயிட்டாங்க?” ராஜாமணி அக்கா முடியை அவிழ்த்துவிட்டு கேட் அருகிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நடுவில் நிறுத்தி, “யாருன்னு சொல்லுங்கடி, பேரு தெரியாம எவ்ளோ நேரம் அழுவறது?” என்று கேட்டார். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மறுநாள் ஹெட்மாஸ்டர் ரூமில் கூட்டம். தனசேகர் என்பவர், மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள், எழுந்து நின்று கேட்டார். “எம் பொண்ண படிக்க அனுப்புனனா, மோளம் அடிக்க அனுப்புனனா? பள்ளிக்கூடத்துல எழவுத் தாளமா? யாரக் காவு வாங்கறதுக்கு?”

“யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

நான் கதவோரம் நின்றேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. “என் பாடம் சார். நான்தான் அடிக்கச் சொன்னேன்.”

“இனிமே அந்த டிரம்ம யாரும் தொடக்கூடாது.”

“அங்கயும் இப்படித்தான் சார் தடை போட்டாங்க” என்றார் டீச்சர் மெதுவாக. ஹெட்மாஸ்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான்தான் என்று சொல்லாமலே வீட்டுக்குப் போனேன். சாயங்காலம், “டீச்சர், அந்தத் தாளம்...” என்று ஆரம்பித்தேன். “நேத்து குடுத்த வீட்டுப்பாடம் எழுதிட்டீங்களா ஐயா?” என்றார். அவ்வளவுதான். அப்புறம் எட்டு மாசம் தினமும் சொல்ல நினைத்தேன்.

அவர் போன பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. விழுப்புரத்தில் அவரை எடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸிலேயே அது என் காதில் விழுந்தது. “பள்ளிக்கூடத்துல சாவு மோளம் அடிச்சாங்க இல்ல, அதுவே அவங்கள இட்டுக்கினு போயிடுச்சி.” இப்போது அந்தப் பாடத்தையே யாரும் எடுக்கக்கூடாது என்கிறார்கள். புதிதாக வந்திருக்கிற டீச்சர் பயந்துபோய் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுகிறேன். ஹெட்மாஸ்டரைப் பார்க்க மூன்று தரம் போனேன். மூன்று தரமும் கேட்டோடு திரும்பினேன்.

டீச்சர் எங்களுக்கு அடிக்கடி சொல்வார். “வாயால சொல்ல முடியாதத எழுதிடுங்க. பேப்பர் குறுக்க பேசாது.”

எழுதுகிறேன். தாளம் என்னுடையது. அதை எடுத்துக் கொடுத்தது நான். டீச்சருக்கு அது தெரியாது. தெரிந்த பிறகும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தாளம் யாரையும் இட்டுக்கொண்டு போகாது. போகுமென்றால் வாழ்நாள் முழுக்க அடித்த என் அப்பா எப்படி எண்பது வயது வரை இருந்தார்? டீச்சரின் பாடத்தை மூடாதீர்கள்.

இதுவரை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. எழுதியதை வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார். தனசேகரை வரவழைத்துப் படிக்கச் சொன்னார்.

தனசேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னிக்கே சொல்றதுக்கு என்னா பெருசு?”

“அன்னிக்கு இவ்ளோ எழுத வராது சாமி.”

அவர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “எம் பொண்ணு இன்னும் சோத்துத் தட்டுல அதத்தான் தட்டிக்கினு இருக்குது. எவ்ளோ சொன்னாலும் வுட மாட்டேங்குது” என்றார். பிறகு ஹெட்மாஸ்டரிடம், “டிரம்ம மட்டும் வேணாம் சார். மத்தத நடத்திக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். புது டீச்சர் பீரோவைத் திறந்தார். டிரம் இல்லை என்பதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதற்கு வேறு பேப்பர் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை பாடம் நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சாக்பீஸால் கடல் போட்டு, தீவுகளை வரைந்து, தீவுக்கு ஒரு பிள்ளையாக நிறுத்தினோம். நான் குனிந்து ஒவ்வொரு தீவின் பெயரையும் எழுதினேன். பாதியில் ஒரு பிள்ளை ஓடிவந்து ஒரு தீவை முழுசாக மிதித்து அழித்துவிட்டது. “யாரு இது?” என்றார் புது டீச்சர். அந்தப் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றது. எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“நான்தாம்மா, கால் பட்டுடுச்சி” என்றேன்.

சகுந்தலா டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது இந்தத் திரும்பாத கழுத்துதான். அழிந்த தீவைத் திரும்பவும் வரைந்தோம். கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.