சிவப்புப் பேனாவும் ஓர் இடது கையும்

எல்.கே.ஜி. டீச்சர் வேலை என்பது பாதி நேரம் மூக்கு துடைப்பது, பாதி நேரம் ஷூ மாட்டிவிடுவது, நடுவில் மூச்சுவிடக் கிடைக்கும் நேரத்தில் 'அ' சொல்லிக்கொடுப்பது. இதே பிழைப்பில் இருக்கும் சக தியாகிகளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. டைரியில் நாம் மாங்கு மாங்கென்று எழுதி அனுப்புவதைப் பெற்றோர் படிப்பதே இல்லை, கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்பது நம் எல்லாருடைய புலம்பலும்தான். பத்தொன்பது வருஷமாக நானும் அப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

நான் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன். போன வருஷம் என் வகுப்பில் முப்பத்தோரு குழந்தைகள். அதில் ஒருத்தி தன்ஷிகா. நாலு வயசு. அவளுடைய இடது கை அந்த வருஷம் என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

கட்டு

ஜூலை மாசம் ஒரு திங்கட்கிழமை தன்ஷிகா இடது கையில் பெரிய கட்டோடு வந்தாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி. விழுந்துவிட்டாயா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். வலிக்கிறதா என்று கேட்டேன், அதற்கும் ஆட்டினாள். வழக்கமாக வாய் மூடாத பெண். அப்பாவின் ஷேர் ஆட்டோவில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று காலை பிரேயரிலேயே ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. வலது கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கோடு போடப் பார்த்தாள். கோடு நோட்டை விட்டு வெளியே போனது. கண் கலங்கிவிட்டது. "கை ஆறினதும் எழுதிக்கலாம்டா" என்று சமாதானம் சொன்னேன்.

கை ஆறுகிற வழியைக் காணோம். ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. கட்டு மட்டும் தினமும் புதுசாகத் துவைத்த துணியில் வந்தது. ஒரு மதியம் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து கட்டு நனைந்துவிட்டது. ஈரத்தோடு விட வேண்டாமே என்று நானும் ஆயாம்மாவும் அவிழ்த்தோம். உள்ளே காயமும் இல்லை, வீக்கமும் இல்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை. வெளிச்சம் படாத விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. என்னடா இது என்று கேட்டேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொன்னாள்: "இது கெட்ட கை மிஸ். வெளிய வரக் கூடாது."

டைரி

மறுநாளே அவள் அம்மாவை வரச் சொன்னேன். அமுதா கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவர். சீருடைப் புடவையோடு அரைநாள் லீவு போட்டு ஓடி வந்தார். நான் முன்தினம் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நாலு வயசுக் குழந்தையின் கையைக் கட்டிப்போட எப்படி மனசு வந்தது, அது என்ன பாவம் செய்தது, நீங்களெல்லாம் ஒரு அம்மாவா என்கிற வரைக்கும் போய்விட்டேன்.

அமுதா பையிலிருந்து தன்ஷிகாவின் டைரியை எடுத்தார். ஜூன் மாசத்துப் பக்கம் ஒன்றைப் பிரித்து மேஜையில் வைத்தார். சிவப்பு மை. என் கையெழுத்து. 'இடது கையால் எழுதுகிறாள், உடனே சரிசெய்யவும்' என்று இங்கிலீஷில், கீழே இரண்டு கோடு வேறு. எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. நகம் வெட்டி அனுப்பவும், கர்சீப் குத்தி அனுப்பவும் என்பதோடு சேர்த்து வருஷா வருஷம் நாலைந்து டைரியில் நான் கிறுக்கித் தள்ளும் வரி அது. தலை நிமிர முடியவில்லை. அமுதா மெதுவாகத்தான் சொன்னார்: "எனக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியாது மிஸ். எங்க சூப்பர்வைசர் அக்கா கையில குடுத்துப் படிக்கச் சொன்னேன். நீங்க எழுதினதத்தான் மிஸ் செஞ்சேன்."

பல் பார்க்க வந்த டாக்டர்

அந்த வாரம் எங்கள் பள்ளிக்குக் குழந்தைகளின் பல்லும் கண்ணும் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். வரிசை முடியும் வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. இடது கை என்பது வியாதியும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை, சிலருக்கு அந்தக் கை முந்தும், அவ்வளவுதான் என்றார். மாற்றப்போனால் கை மாறுகிறதோ இல்லையோ, குழந்தைக்கு எழுதுவது என்றாலே பயம் வந்துவிடும். பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், எழுதியது கைக்குக் கீழே மறையாது. நோட்டை மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பெரிய உதவி என்றார்.

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மனசு கேட்காமல், இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை மாற்றியிருப்பேனோ டாக்டர், இனிமேல் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டேன். அவர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டபடி சொன்னார்: "உங்க பேனாவுல இருந்து ஆரம்பிங்க டீச்சர்."

கியர்

அன்று சாயங்காலமே டைரியில் எழுதினேன். இந்த முறை தமிழில், அமுதா தானே படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்: 'தன்ஷிகாவுக்கு எந்தக் கை வருகிறதோ அந்தக் கையிலேயே எழுதட்டும். யாரும் திட்ட வேண்டாம். முன்பு நான் எழுதியது தப்பு.' பத்தொன்பது வருஷ சர்வீஸில் டைரியில் 'தப்பு' என்று என்னைப் பற்றி நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அமுதா அதைத் தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளுக்குப் படித்துக் காட்டினாராம்.

அப்பா சரவணன்தான் மசியவில்லை. ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் போய்ப் பார்த்தேன். "பொம்பளப் புள்ள மிஸ். நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போயி பீச்சாங்கையில சோறு போட்டா இன்னா பேசுவாங்க? எங்களத்தான பேசுவாங்க?" என்றார். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட முடியாது, ஊர் அப்படித்தான் பேசும். பரிமாறுவது, பிரசாதம் வாங்குவது இதெல்லாம் வலது கையில் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், வந்தால் வரட்டும், அதட்ட வேண்டாம். எழுதுவதையும் படம் போடுவதையும் மட்டும் அவள் கைக்கே விட்டுவிடுங்கள் என்றேன். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இடது கை கைப்பிடியைப் பிடித்தது. கியர் போடப் போனவர் நின்று, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்: "கிளச்சு, கியரு ரெண்டும் இந்தக் கையிலதான் கீது மிஸ். இத்தக் கட்டிப் போட்டா வண்டி ஸ்டாண்ட வுட்டே நவுராது."

நூற்றெட்டுத் தடவை 'அ'

கட்டு போய்விட்டது. பயம் போகவில்லை. தன்ஷிகா இடது கையாலும் எழுதவில்லை, வலது கையாலும் எழுதவில்லை. இரண்டு கையையும் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான்தான் காரணம் என்று தெரிந்தபின் அதைத் தாங்குவது லேசு இல்லை. இந்தக் குழந்தை எழுத்தையே வெறுத்துவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

எங்கள் தொழிலில் பின்னால் நின்று, குழந்தையின் கைமேல் நம் கையை வைத்து எழுதப் பழக்குவோம். என் வலது கையை அவள் இடது கைமேல் வைத்தால் எனக்கே கை முறுக்கிக்கொண்டது. சரி, நாமும் இடது கையில் கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். வீட்டில் நேரம் ஏது? போக வர பஸ்தான். ஹேண்ட்பேக்கின் மேல் இடது கை விரலால் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை 'அ', அதற்கப்புறம் 'ஆ'. மாமியார் ஸ்ரீராமஜெயம் எழுதுகிற கணக்கில் நாளைக்கு நூற்றெட்டுத் தடவை என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை: "இன்னாம்மா, டெய்லி அந்தப் பைய சொறிஞ்சிகினே வர்றீங்க, உள்ள இன்னா பூனையா கீது?"

முழங்கை

செப்டம்பரில் ஒரு நாள் எல்லாரும் மாம்பழப் படத்துக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்கள். தன்ஷிகாவுக்கு இடது பக்கம் உட்காரும் கவின் எழுந்து, "மிஸ், இவ இடிச்சிகினே கீறா" என்று அழுதான். புகார்களுக்கு நான் திரும்பியே பார்க்காத ஆள். அன்றைக்கு ஓடினேன். கவினின் வலது முழங்கையும் தன்ஷிகாவின் இடது முழங்கையும் மோதிக்கொண்டிருந்தன. அதாவது இடது கை பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கிரேயானைக் கீழே போடப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி கவினை வலப்பக்கம் மாற்றி, அவளைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைத்தேன். கவினுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தேன். யு.கே.ஜி. எடுக்கும் ஸ்டெல்லா மிஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோள் சொன்னவனுக்குப் பரிசு குடுக்கற டீச்சர இன்னைக்குத்தான் பாக்கறேன்."

கரும்பலகை

படம் போட்டாளே தவிர எழுத்துக்கு அவள் கை வரவில்லை. ஒரு காலையில் துணிந்து, போர்டில் இடது கையாலேயே 'அ' எழுதிக் காட்டினேன். பைமேல் விரலால் எழுதுவது வேறு, சாக்பீஸால் எழுதுவது வேறு. சுழி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போனது. வகுப்பே சிரித்தது. நான் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதுவும் கோணல். வெட்கமாகத்தான் இருந்தது.

தன்ஷிகா எழுந்து வந்தாள். என் இடது கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி என் வலது கையில் வைத்தாள். டப்பாவிலிருந்து இன்னொன்றைத் தன் இடது கையில் எடுத்து, எட்டிய உயரத்தில் நிதானமாக ஓர் 'அ' போட்டாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைக் கோணல் எழுத்துக்கான அழுகை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என் புடவைத் தலைப்பை இழுத்துச் சொன்னாள்: "உங்களுக்கு எந்தக் கை வருதோ அதுலயே எழுதுங்க மிஸ். எங்கம்மாவ உங்க டைரில எழுதச் சொல்றேன், யாரும் திட்ட மாட்டாங்க."

டைரியைப் பெற்றோர் படிப்பதில்லை என்று பத்தொன்பது வருஷம் புலம்பிய நான், வரிக்கு வரி படிக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சிவப்புப் பேனாவை மூடி கழற்றாமலே வைத்திருக்கிறேன்.