மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர்: மாசி மகத்தன்று பட்டினச்சேரிக் கடற்கரையில்

இந்தப் பயணத்துக்குக் காரணம் செங்கமலத்தின் முழங்கால்.

செங்கமலம் என் சித்தப்பா மகள், வயது அறுபத்து மூன்று, இருப்பது திருச்சியில். 2008ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் தொலைபேசியில் அழைத்தாள். இரண்டு முழங்கால்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்தாகிவிட்டது. மாசி மகம் கழிந்து எட்டாம் நாள். அதுவரையும், அதன்பின் நெடுங்காலமும் மணலில் நடக்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. "அக்கா, பதினொரு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒரு வருஷம் அறுப்பு, ஒரு வருஷம் பிரசவம், ஒரு வருஷம் அவருக்கு நெஞ்சுவலி. மாப்பிள்ளை சாமி தீர்த்தமாடுறப்ப அந்த அலையில ஒரு தரம் காலை நனைக்கணும். இந்த மாசியும் தப்புச்சின்னா அடுத்ததுன்னு ஒண்ணு எனக்கு நிச்சயமில்ல" என்றாள்.

அறியாதவர்களுக்காக இங்கே சற்று விளக்கிவிடுகிறேன். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது வழக்கம். பரதவர் குலத்துப் பெண் ஒருத்தியைப் பெருமாள் மணந்தார் என்பது இங்குள்ளோர் வழிவழியாகப் போற்றும் நம்பிக்கை. ஆகவே அக்கடற்கரையிலுள்ள பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் மூவுலகும் அளந்த முதல்வர் மட்டுமல்லர். வீட்டு மாப்பிள்ளையும் ஆவார். "மாப்பிள்ளே!" என்று உரிமையோடு கூவித் தோளில் சுமப்பார்கள். வேதங்கள் தேடித் தளர்ந்த திருவடியை மாமனார் ஊர்க்காரர்கள் கைப்பிடித்து அழைத்து வரும் அக்காட்சியை நான் முன்னர் இருமுறை கண்டிருக்கிறேன். இருமுறையும் என் கண்கள் வறண்டிருக்கவில்லை.

செங்கமலத்தின் பேச்சைக் கேட்ட அன்றே என் அத்தை, மாமன், சித்தப்பா வீட்டு மக்கள் அனைவருக்கும் செய்தி அனுப்பினேன். நிபந்தனை ஒன்றுதான்: பேரப்பிள்ளைகள் வேண்டாம், கணவன் மனைவியர் வேண்டாம், எங்கள் தலைமுறையினர் மட்டும். ஏழு பேர் சேர்ந்தோம். எங்கள் வயதுகளைக் கூட்டினால் நானூற்று நாற்பத்தொன்று. நான் மூத்தவள், அறுபத்தெட்டு. மகத்துக்கு முந்தைய நாள் மாலைக்குள் எல்லாரும் காரைக்கால் தலத்தெருவிலுள்ள என் வீட்டில் கூடிவிட்டார்கள். மயிலாடுதுறையிலிருந்து பேரளம் வழியாக வருவோருக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். சீர்காழிப் பக்கமிருந்து வருவோர் தரங்கம்பாடி தாண்டிப் பூவம் வழியாக நுழைய வேண்டும். பூவத்தைக் கடந்தபின் டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். மாநில எல்லைக்கு இப்புறம் விலை குறைவு.

என் மாமன் மகன் கோதண்டம் சீர்காழியிலிருந்து ஒரு வேனையே அமர்த்திக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு நாளைக்கு டீசல் உட்பட 2,800 ரூபாய். அதன் கூரைமேல் ஒரு மடக்கு நாற்காலியும் இரண்டு மூங்கில் கழிகளும் கட்டியிருந்தன.

"இது எதுக்கு?" என்றேன்.

"பல்லக்கு, அத்தாச்சி. செங்கமலத்தை இதுல உக்கார வச்சு நாலு பேரு தூக்குறோம். மணல்ல அவ கால் வைக்கவே வேணாம்."

அன்று மாலையே என் வீட்டு முற்றத்தில் ஒத்திகை நடந்தது. செங்கமலத்துக்குப் பதிலாக ஐம்பது கிலோ அரிசி மூட்டை. முற்றத்தை மூன்று முறை வெற்றிகரமாகச் சுற்றினார்கள்.

"அரிசி மூட்டைக்கும் எனக்கும் இருபது கிலோ வித்தியாசம் இருக்குங்க அத்தான்" என்றாள் செங்கமலம்.

"மூட்டை வாய் பேசாது, அதான் வித்தியாசம்" என்றான் கோதண்டம்.

மறுநாள் காலை 9.40க்குப் புறப்பட்டோம். இரண்டு தூக்குகளில் புளியோதரை, ஒரு பாத்திரத்தில் தயிர்சாதம், கூரையில் பல்லக்கு. வழிகாட்டி நான் என்பதால் ஓட்டுநர் செல்வத்துக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. சீர்காழிக்காரரான செல்வத்துக்கு இக்கடற்கரை புதிது. "அரசலாற்றுப் பாலம் தாண்டி நேரே போகணும் தம்பி, பட்டினம் வந்தப்புறம்தான் இடப்பக்கம் திரும்பணும். இடம் வர்றப்ப நான் சொல்றேன்" என்று உறுதி கூறினேன்.

அந்த உறுதியைக் குலைத்தவளும் நானே. பாலத்தைக் கடக்கையில் காற்றில் உப்பு மணம் வந்தது. கடல்வண்ணன் நினைவு வந்தது. வாய் தானாகப் பாசுரத்தைத் தொடங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாசுரம் தொடங்கினால் பத்தும் முடியும்வரை இடையில் எவரும் பேசலாகாது. பிள்ளைப் பருவத்தில் பேசியவர்களுக்குச் சுண்டல் கிடையாது. அறுபது வயதிலும் அந்த அச்சம் எவரையும் விட்டபாடில்லை.

நான்காம் பாசுரத்தில் செல்வம், "இந்த லெஃப்டாம்மா?" என்று கேட்டிருக்கிறார். நான் சீருக்கேற்பத் தலையை அசைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதை ஆமென்று கொண்டு திரும்பிவிட்டார். பின்னிருக்கையிலிருந்த கோதண்டத்துக்கு வழி தெரியும். ஆனால் பேசலாகாதே! கைகளை வலமும் இடமுமாக வீசினான். கண்ணாடியில் அதைக் கண்ட நான், தாளம் போடுகிறான் என மகிழ்ந்து, அடுத்த பாசுரத்தை இன்னும் சற்று விரித்துப் பாடினேன்.

பத்தாம் பாசுரம் நிறைவுற்றபோது எதிரே கடல் இருந்தது. பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, மேளம் இல்லை. படகின் நிழலில் ஒரு பெரியவர் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

"இது எந்த ஊருங்க?" என்றேன்.

"கருக்களாச்சேரி. நீங்க எங்க போவணும்?"

"தீர்த்தவாரிக்கு."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "சாமி அங்க பட்டினச்சேரியில வருதுங்க. இங்க நான்தான் இருக்கேன்."

வேனுக்குள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். "அப்பவே கையக் கையக் காட்டினேனே அத்தாச்சி!" என்று கோதண்டம் கத்தினான். "வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?" என்றேன். "சொன்னா சுண்டல் தர மாட்டீங்களே!" செங்கமலத்தின் பார்வை மட்டும் என் மணிக்கட்டுக் கடிகாரத்தின்மேல் இருந்தது. மணி 10.35. நண்பகலுக்குமேல் தீர்த்தவாரி. என் செருக்கினால் அவளுடைய பதினொரு ஆண்டு ஆசை பறிபோகிறதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போதுதான் பச்சைப் பட்டுச் சேலை உடுத்திய ஓர் அம்மாள் தெருவிலிருந்து ஓடிவந்து வேன் கதவைத் தட்டினார். "பட்டினச்சேரிக்கா போறீங்க? எனக்கும் ஒரு எடம் குடுங்க. டிராக்டர்ல எல்லாரும் போயிட்டாங்க, பூ வாங்கப் போன என்னைய விட்டுட்டு!" பெயர் அஞ்சலை. பிறந்த ஊர் பட்டினச்சேரி, வாழ்க்கைப்பட்டது கருக்களாச்சேரி. வழி காட்ட ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் முன்னிருக்கையை அவருக்குக் கொடுத்து நான் பின்னால் போனேன். எவரும் அதை மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

"எந்த ஊருங்க நீங்கள்லாம்?" என்றார் அஞ்சலை.

"பூர்வீகம் திருக்கண்ணபுரத்துக்குப் பக்கம்" என்றான் கோதண்டம்.

அஞ்சலை உடம்போடு திரும்பினார். "அட, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க! அதான் லேட்டு. எந்தக் கல்யாணத்துல நேரத்துக்கு வந்தீங்க? ஆமா, வெறுங்கையோடயா வந்தீங்க? சீரு எங்க?"

"ரெண்டு தூக்கு புளிசாதம் இருக்கு" என்றான் கோதண்டம்.

"புளிசாதத்தக் குடுத்துப் பொண்ணு எடுத்த வம்சமா நீங்க!" என்றார். வேன் குலுங்கச் சிரித்தோம், செங்கமலமும் சிரித்தாள்.

பட்டினச்சேரியை அடைந்தபோது 11.15. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அலை இருநூறு மீட்டர் இருக்கும். அவ்வளவும் மணல், அவ்வளவும் மக்கள். பல்லக்கை இறக்கிச் செங்கமலத்தை அமர்த்தினோம். நால்வர் தூக்கினார்கள். முற்றத்துச் சிமெண்டுத் தரை வேறு, கடற்கரை மணல் வேறு என்பது இருபதாம் அடியில் புலப்பட்டது. முன்னால் நின்றவர்களின் கால்கள் புதைந்தன, கழி சாய்ந்தது, நாற்காலியின் நைலான் பட்டை கிழிந்தது. செங்கமலம் மெல்ல வழுக்கி மணலில் அமர்ந்தாள். அடி ஏதும் படவில்லை. ஆனால் எழுப்ப முயன்றபோது கால் மடங்க மறுத்தது.

தொலைவில் மேளம் கேட்டது. வாணம் ஒன்று வெடித்தது. "வந்துட்டாரு" என்றாள். பிறகு, "நீங்கள்லாம் போங்க. நான் இங்கேருந்து சத்தம் கேட்டுக்கிறேன்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டபின் நாங்கள் எங்கே போவது? அறுவரும் அவளைச் சுற்றி மணலில் அமர்ந்துவிட்டோம்.

தம் வீட்டாரைத் தேடிப் போயிருந்த அஞ்சலை திரும்பிப் பார்த்து, விரைந்து வந்தார். இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன இது? எங்க ஊருக்கு வந்த மாப்பிள்ளை வீட்டு அம்மா மண்ணுல ஒக்காந்திருக்கறதா? நாளைக்கு எங்கள என்ன பேசுவாங்க?" படகுகள் நின்ற பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அண்ணே! ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வாங்க! சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க!"

அவருடைய அண்ணன் பதினைந்து பேருடன் வந்தார். அவர்கள் இரண்டே நொடியில் முடிவெடுத்தார்கள். கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு பைபர் படகு. கடற்கோளுக்குப் பின் வந்த புதுப் படகு, மாவிலையும் சாமந்தியும் சூடி நின்றது. இருவர் கை கோத்துச் செங்கமலத்தை அதில் ஏற்றினார்கள். அடியில் உருளைக் கட்டைகளைப் போட்டு, கூட்டத்துக்கு வடக்கே ஒதுங்கியிருந்த மணல் வழியாகத் தள்ளத் தொடங்கினார்கள்.

"மாப்பிள்ளை வீட்டாளுங்க சும்மா நிக்கிறீங்களே, கயித்தப் புடிங்க!" என்றார் அண்ணன். பிடித்தோம். அறுபத்தெட்டு வயதில் படகு இழுத்தேன், வாசகர்களே. உள்ளங்கை சிவந்தது, செருப்பு ஒன்று போயிற்று, கோதண்டத்தின் மூக்குக் கண்ணாடியும் மணலுக்குள் போயிற்று. மேலே செங்கமலம் இரு கைகளாலும் படகு விளிம்பைப் பற்றியபடி, "மெதுவா அத்தான்! இது அரிசி மூட்டை இல்ல!" என்று கூவிக்கொண்டிருந்தாள்.

படகின் முனை நுரையைத் தொட்டதும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அஞ்சலை உள்ளே ஏறி, செங்கமலத்தை விளிம்பில் அமர்த்தி, தோளைச் சுற்றி அணைத்துக்கொண்டார். கால்கள் வெளியே தொங்கின. மணி 12.20.

தென்புறம் கூட்டம் பிளந்தது. மீனவர்களின் தோள்மேல் பெருமாள் ஆடி ஆடி வந்தார். "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்ற முழக்கத்தில் கடலின் ஓசையே அடங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் ஒருவர் தோளை ஒருவர் எட்டிப் பார்க்க, எங்களுக்கும் பெருமாளுக்கும் நடுவே அலையைத் தவிர ஒன்றும் இல்லை. நான் கைகூப்பிப் பாசுரத்தைத் தொடங்கினேன். இரண்டாம் அடியை முடிக்கவில்லை.

"அக்கா, நிறுத்துங்க! பாருங்க!" என்று அலறினாள் செங்கமலம்.

பிள்ளைப் பருவத்துக்குப் பின் பாசுரத்தின் நடுவே எங்கள் குடும்பத்தில் எழுந்த முதல் குரல் அது. நிறுத்தினேன்; பார்த்தேன். சக்கரத்தாழ்வாரை ஏந்திய பட்டர் நீரில் மூழ்கி எழுந்தார். அவ்விடத்திலிருந்து புறப்பட்டதோர் அலை சரிந்து வந்து செங்கமலத்தின் இரண்டு முழங்கால்களையும் முழுக்க நனைத்துத் திரும்பியது.

அவள் அழவில்லை, சிரித்தாள். அழுதவர்கள் நாங்கள். பிறகு அஞ்சலை வீட்டில் அனைவருக்கும் கலர் பாட்டில் கிடைத்தது. எங்கள் புளியோதரை சீராக ஏற்கப்பட்டு, "உப்பு கம்மி" என்ற தீர்ப்புடன் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. தூக்கு நிறையக் கடலை உருண்டை போட்டுத் திருப்பித் தந்தார்கள். மாலை 4.30க்கு வீடு திரும்பினோம்.

செல்ல விரும்புவோர் கவனத்துக்குச் சில. காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து நாகப்பட்டினம் பேருந்தில் ஏறினால் அரை மணிக்குள் திருமலைராயன்பட்டினம். காலை பத்துக்குள் போய்விடுங்கள். வெயிலுக்குக் குடையும் குடிநீரும் அவசியம். தீர்த்தவாரி நேரம் ஆண்டுதோறும் சற்று மாறும், கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் நோயாளிகளை நாற்காலியில் தூக்க நினைக்க வேண்டாம். ஒத்திகையை மணலில் பாருங்கள். பாசுரம் தெரிந்தவர்களை ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்த்தாதீர்கள். வழக்கங்கள் பெரியவை, எனினும் வழி தவறுகையில் வாய் திறப்பது அபசாரம் ஆகாது என்று எங்கள் வீட்டில் இப்போது விதி திருத்தப்பட்டிருக்கிறது.

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று ஐம்பது ஆண்டுகளாக ஓதி வருகிறேன். தவறிச் சென்ற கருக்களாச்சேரியிலும் எங்களுக்காக ஒரு பச்சைப் பட்டுச் சேலையை நிறுத்தி வைத்திருந்தான் என்பதைக் கண்ட பிறகே அச்சொல்லின் பொருள் முழுதும் எனக்குள் இறங்கியது.

குறித்த நாளில் செங்கமலத்துக்குச் சிகிச்சை நன்றாக நடந்தேறியது. அதற்கு முந்தைய நாள் பரிசோதனை செய்த மருத்துவர், "சமீபத்துல மணல்ல நடந்தீங்களா?" என்று வினவினாராம்.

"நடக்கலீங்க டாக்டர்" என்றாளாம் செங்கமலம். "போட்டுல போனேன். சம்பந்தி வீட்டுக்காரங்க கொண்டு விட்டாங்க."