நதியாவின் நீலப் புள்ளி

நதியா என் பக்கத்தில் நின்று பனியனில் ஓட்டை பார்ப்பவள். கை ஓடும், வாய் திறக்காது. அவள் போன் எங்கே இருக்கிறதோ, அந்த இடம் அவள் புருஷன் ஜெயபாண்டியின் போன் மேப்பில் நீலப் புள்ளியாகத் தெரியும். கல்யாணமானதும் அவனே செய்துவைத்த ஏற்பாடு.

எங்கள் பனியன் கம்பெனி வேலம்பாளையத்திலிருந்து பொங்கலூருக்கு மாறிய மறுநாளே அவன் செக்கிங் மேசை முன்னால் வந்து நின்றான். நதியா எதிரிலேயே நிற்கிறாள். அவனோ போனைப் பார்த்துக் கேட்கிறான்: "வேலம்பாளையத்துல உனக்கு என்ன வேலை?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நூல் வெட்டும் கத்தரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளி மகன் ரித்தீஷ்தான் பொறுமையாகச் சொன்னார். "இந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள சேட்டிலைட் சிக்னல் வராதுங்க. பக்கத்துல எந்த வைஃபை இருக்குதுன்னு பார்த்துத்தான் போன் எடத்தைச் சொல்லும். அந்த வைஃபை பெட்டியைப் பழைய எடத்துல இருந்து கழட்டிட்டு வந்துட்டோமுங்க. இங்க வர்றவங்க போனெல்லாம் அதைப் பார்க்கப் பார்க்க, மேப் தானா சரியாயிருமுங்க."

ஜெயபாண்டிக்குப் புரிந்தது. நதியாவிடம் திரும்பினான். "சரியாகுற வரைக்கும் வேலைக்கு வராத."

அவளுக்காகவே நாங்கள் யாரும் போனை அணைக்கவில்லை. ஒரு மாதத்தில் மேப் திருந்தியது. நானே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் நதியா அலமாரியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துவிட்டாள்.

ஜெயபாண்டி கட்டிலில் சாய்ந்தபடி போனை என்னிடம் காட்டினான்.

"இருக்கட்டும் விஜயராணிக்கா. இப்பத்தான் புள்ளி வீட்டுலயே அசையாம நிக்குது."