சைதாப்பேட்டை ஆற்றைத் தாண்டிய பந்து

எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்த அந்த டென்மார்க் இளைஞனின் பெயரை நாங்கள் யாரும் கடைசிவரை சரியாகச் சொன்னதில்லை. சொல்லும்போது தொண்டைக்குள் ஏதோ செய்யவேண்டியிருந்தது. அது எங்களுக்குக் கைவரவில்லை. அம்மா 'டென்மார்க் தம்பி' என்றாள். அதுவே நிலைத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். நான் கான்வென்ட்டில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்தெருவில் வீடு. தன் கையால் கடையை வளர்த்தவர் என்பதால், யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஆள் ஜெயித்தவனா இல்லையா என்பதைத்தான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் சொல்லமுடியாதவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கடையில் நிற்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டு, கிண்டிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு கோல்ஃப் கிளப்பில் குமாஸ்தாவாகப் போனவர். "வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போன பந்தைத் தேடுத வேலை" என்று அப்பா அதை ஊருக்கெல்லாம் விளக்குவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா டாக்ஸியில் வந்து இறங்கினார். பின்னாலேயே, நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தபடி, செம்பட்டை முடிக்காரன் ஒருவன். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. தோளில் தொங்கிய நீளமான தோல்பையிலிருந்து இரும்பும் மரமுமாக மட்டைகள் எட்டிப் பார்த்தன.

"யாரு மாப்ளே இது?" என்றார் அப்பா.

"டென்மார்க்லேருந்து எங்க கிளப்புக்கு ஆட வந்தவரு அத்தான். செவ்வாக்கிழமைதான் ப்ளேன். அதுவரைக்கும் நம்ம வீட்ல இருக்கட்டும்."

"ஜெயிச்சாரா, தோத்தாரா?"

மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தார். "ஜெயிச்சுட்டாரு அத்தான்."

உண்மை வேறு என்று வெகுகாலம் கழித்து மாமாவே என்னிடம் சொன்னார். அது நாலு நாள் போட்டி. இரண்டு நாள் ஆட்டத்தில் பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள். கழிக்கப்பட்டவர்களில் இவனும் ஒருவன். ஆட்டத்தோடு தங்கும் இடமும் போயிற்று. மட்டைகள் வைக்கும் அறையில் பெஞ்சில் படுத்துக்கொள்ளலாமா என்று அவன் வந்து கேட்டபோது மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. தோற்றவன் என்று சொன்னால் அப்பா சோறு போடுவார், ஆனால் சோற்றோடு புத்திமதியும் போடுவார். அதனால்தான் அந்தப் பொய்.

மற்றதெல்லாம் நிஜம். அவனுக்கு இருபத்தொரு வயது. ரொட்டி சுடுகிறவரின் மகன். கோல்ஃபையே பிழைப்பாக எடுத்துக்கொண்டு அது முதல் வருஷம். அவன் ஊரில் அப்படிச் செய்தவர் யாருமில்லையாம். போய் அடுப்பைப் பார்க்கச் சொல்லிச் சிரித்தார்களாம். குளிர்காலத்தில் அங்கே மாதக்கணக்கில் தரையே கண்ணுக்குத் தெரியாதாம், அத்தனை பனி. அதனால் மாவுமூட்டைக் கொட்டகைக்குள் மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டு, பந்தை அதற்குள்ளேயே அடித்து அடித்துப் பழகினானாம். மாமா இதைச் சொன்னபோது அம்மா அவனுக்கு இன்னொரு இட்லி வைத்தாள். இட்லிக்கு அவன் சர்க்கரைதான் தொட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. "தம்பி வித்தையை நாமளும் பாப்போமே" என்றார் அப்பா. மாமாவின் முகம் வெளுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பசிக்கிறதோ என்று நினைத்தேன்.

காரில் சைதாப்பேட்டைக்குப் போனோம். ஆற்றில் பாதி மணல், பாதி தண்ணீர். எங்கள் கரையில் சலவைத்தொழிலாளிகள் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரை வெறும் மேடு. அங்கே யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ள மாமா பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். இங்கிருந்து பார்க்க விரல் உயரம்தான் இருந்தார்.

டென்மார்க் தம்பி ஒரு பிடி ஈரமணலைக் குவித்து, அதன் உச்சியில் வெள்ளைப் பந்தை வைத்தான். முதல் பந்து தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதும் தண்ணீரில். அப்பா "ம்" என்றார். அந்த 'ம்' எங்கள் கடை ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கைகளைத் துணி துவைக்கும் கல்லில் தேய்த்தான். மறுபடி நின்றான். இந்தத் தடவை அவன் பந்தைப் பார்த்த பார்வையில் நாங்கள் யாருமே அங்கே இல்லை. அவன் உடம்பு முழுக்கத் திருகிப் பின்னால் போய், ஒரு கணம் அங்கேயே நின்று, அவிழ்ந்தது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரே ஒரு சத்தம். துணி அடிக்கும் சத்தம் நின்றுபோனது. பந்து தாழ்வாகப் போய், பிறகு என்னமோ நினைத்துக்கொண்டதுபோல் மேலே ஏறியது, பருந்து பறக்கும் உயரத்துக்கு. அங்கே வெயிலுக்குள் புகுந்து காணாமல் போனது. எதிர்க்கரையில் விரலளவு மாமா, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே ஓடினார். ஓடி, குனிந்து எடுத்து, இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தார்.

"இன்னா நைனா இது, ஆத்தையே தாண்டிப் பூட்ச்சே!" என்றார் பக்கத்திலிருந்த சலவைக்காரர்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போது கழற்றினார் என்று நான் பார்க்கவில்லை. மனிதன் செய்கிற காரியம் ஒன்று அத்தனை தூரம் போகும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். "திங்கக்கிழமை கடையில வச்சு மாலை போடுதோம்" என்று திரும்பி வரும்போது அப்பா சொன்னார்.

திங்கட்கிழமை காலைப் பேப்பரில், அந்தப் போட்டியின் கோப்பையை வேறொருவன் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் வந்திருந்தது. வழக்கமாகக் கூடத்தில் கிடக்கும் பேப்பரை அன்று அப்பா நாலாக மடித்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சினிமா விளம்பரம் பார்க்கமுடியவில்லை என்று எனக்கு வருத்தம்.

பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம்போட்ட நான் உட்பட, கடையில் எல்லோரும் கூடினோம். அப்பா ரோஜாமாலை போட்டார். அதைப் போடுவதற்கு அவன் வெகுவாகக் குனியவேண்டியிருந்தது. பிறகு பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெயர் வெட்டுகிறவரை வைத்து அதில் இரண்டு வரி வெட்டியிருந்தார். "மாப்ளே, அதை வாசிச்சு அர்த்தம் சொல்லும்" என்றார்.

மாமா வாசித்தார். "டென்மார்க் தம்பிக்கு. சைதாப்பேட்டை ஆற்றைத் தாண்டி அடித்ததற்கு." வாசித்துவிட்டு அப்பாவையே பார்த்தார். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மாமா அதை இங்கிலீஷில் சொன்னார்.

டென்மார்க் தம்பியின் காதெல்லாம் சிவந்துவிட்டது. தூக்கை அப்பாவிடமே நீட்டி, "ஐ லாஸ்ட், சார். ப்ளீஸ். ஐ லாஸ்ட்" என்றான்.

"என்ன சொல்லுதாரு?"

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லுதாரு அத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முடிவுகட்டினேன். 'லாஸ்ட்' எனக்கு நன்றாகத் தெரியும். பென்சிலைத் தொலைத்தால் மிஸ்ஸிடம் எழுந்து நின்று நான் சொல்கிற வார்த்தை. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, மாமா தப்பா சொல்லுதாரு. அவர் எதையோ தொலைச்சுட்டாராம்" என்றேன்.

"தெரியும்மா" என்றார் அப்பா. தூக்கை அவன் கையிலேயே திரும்ப வைத்து, அவன் விரல்களை அதன் மேல் மூடினார். "பத்திரமா கொண்டுபோகச் சொல்லும் மாப்ளே."

தெரிந்துகொண்டே தேடிக் கொடுக்காமல் இருக்கிறாரே என்று எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் தங்கியிருந்த அறையில் நானே தேட ஆரம்பித்தேன். பீரோவுக்குப் பின்னால், அரிசி டின்களுக்கு நடுவில், கட்டிலுக்கு அடியில். நான் தவழ்வதைப் பார்த்து, என்ன ஏதென்று தெரியாமல் அவனும் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்து என்னோடு சேர்ந்து தேடினான். கடைசியில் சுவரோரம் தூசியில் ஒரு நீலக் காலுறை கிடைத்தது.

"யூ லாஸ்ட்!" என்று வெற்றியோடு அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அந்தக் காலுறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கட்டிலுக்கடியிலேயே உட்காரமுடியாமல் உட்கார்ந்து, வீடு அதிரச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "தம்பிக்கு என்னாச்சுட்டி?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "தொலைஞ்சது கிடைச்சுட்டுது, அதான்."