கிரைண்டர் போய்க் கத்தி வந்தது

வீட்டுச் சாமானை விற்பதை யாரும் ஒரு தொழிலாக ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் எட்டு வருடம் அதைச் செய்தவன் சொல்கிறேன், எந்தக் கடைக்காரருக்கும் இல்லாத ஒரு கஷ்டம் இதில் உண்டு: விற்கிற ஒவ்வொரு பொருளோடும் நாம் கொஞ்ச காலம் வாழ்ந்திருப்போம்.

நான் விற்றதெல்லாம் கத்தி வாங்குவதற்காக. காய் நறுக்குகிற கத்தி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மடக்குக் கத்திகள். ஒரே ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் செய்தவை. எஃகை மடித்து மடித்து அடித்திருப்பதால் அலகு முழுக்க, தண்ணீர் வடிந்த மணலில் தெரிவது போல வரிவரியாக ஓடும். இதைப் போய் யாராவது வாங்குவார்களா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். பேனா, கைக்கடிகாரம், லென்ஸ் என்று எதையாவது சேர்த்துவிட்டு வீட்டில் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சைக்கிள்

கோவில்பட்டியிலிருந்து கொல்கத்தா வந்த புதிது. சால்ட் லேக்கில் நாலு பேராகச் சேர்ந்து ஒரு வீடு, செக்டர் ஃபைவில் வேலை. என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்த ஒரே சொத்து ஒரு கியர் சைக்கிள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அனிர்பன்தா ஒருநாள் வந்த பார்சலைப் பிரிக்க, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். பிரித்து முடித்ததும் மடக்கினார். அந்தச் சத்தம், நல்ல மரக்கதவு நிதானமாகச் சாத்திக்கொள்கிற மாதிரி இருந்தது. "கையில வெச்சுப் பாரு" என்று கொடுத்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் வேலை பார்க்கவில்லை.

அந்த மாதமே சைக்கிளுக்கு விளம்பரம் போட்டேன். வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. அலுவலகத்துக்குப் போகும், மரங்களுக்கு நடுவே ஓடும் சாலையில் காலை வேளைகளில் நான் எப்படிப் போவேன், எந்தத் திருப்பத்தில் சரக்கொன்றை பூத்திருக்கும் என்றெல்லாம் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். விற்கிறவன் அப்படிப் பேசக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு ஓட்டவே தெரியாது, இனிமேல்தான் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். நான் தயங்கியதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐம்பத்திரண்டு வயசுல விழப்போறேன். விழுறதுதான் விழுறோம், நல்ல வண்டியிலிருந்து விழலாம்னு வந்தேன்."

கட்டில்

இரண்டாவது கத்திக்குக் கட்டில் போனது. மூன்றாவதுக்கு மேஜையும் நாற்காலியும். பிரம்மச்சாரி அறைதானே, கேட்க ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அனிர்பன்தா வந்தார். உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் தரையிலிருந்த என் மெத்தையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று கத்திகளையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"நான் உனக்குக் கத்தியைத்தான் காட்டினேன். நீ சன்னியாசம் வாங்கிட்டு வந்திருக்கே."

கிரைண்டர்

கல்யாணம் ஆனது. வசந்தி வந்தாள். லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடியில் வீடு பிடித்தோம். அவளோடு இரண்டு நாள் ரயிலில் வந்தது ஒரு டேபிள்டாப் கிரைண்டர். முதல் வருடம் ஞாயிறு காலைகளில் அது ஓடும் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். பிறகு அவளுக்கும் வங்கியில் வேலை கிடைத்தது. லேக் மார்க்கெட்டில் மாவு பாக்கெட் வாங்கப் பழகிவிட்டோம். "சும்மாதானே கிடக்கு, வித்துடலாமா?" என்றேன். "சரி" என்றாள்.

வாங்க வந்தவர் வெங்கட்ராமன். அவர் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கொல்கத்தா வந்துவிட்ட குடும்பம். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுப் பார்த்துப் பேசினார். நல்லது என்பதற்கு 'பாலோ' என்று நடுநடுவே வங்காளத்துக்கு ஓடிவிடுவார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். ஊறவைத்த அரிசி. அரைத்துப் பார்க்காமல் வாங்க மாட்டாராம். கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் அடுக்களை வாசலில் நின்றிருந்த வசந்தி உள்ளே வந்து, வழக்கம் போல ஓரத்து மாவைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். மாவை வழித்துக்கொண்ட பிறகுதான் எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அரைக்கறதைக் குடுத்துட்டு நறுக்கறதை வாங்கறேள். எப்படியோ சமையலுக்குள்ளேயே இருக்கேள், பாலோ, பாலோ."

ஸ்கூட்டர்

ஜப்பானில் ஒரு சிறிய ஊரில் ஒரு பெரியவர் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கத்திகள்தான் செய்வார். பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் ஐந்து வருடம் காத்திருந்தேன். என் முறை வந்ததாக மின்னஞ்சல் வந்த அன்று வீட்டில் விற்பதற்கு மிச்சமிருந்தது ஸ்கூட்டர் மட்டும்தான். நான் பஸ்ஸில் போகிறவன். அதை ஓட்டியது வசந்தி. ஏரிக்கரைச் சாலையில் விடிகாலையில் கற்றுக்கொண்டாள், நான் பின்னாலேயே ஓடினேன். கால்பைசாகி என்று இங்கே சொல்லும் கோடைப் புயல் ஒன்றில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் சொட்டச் சொட்ட ஒரு மிட்டாய்க் கடைக்குள் ஒதுங்கி, மழை விடும்வரை சந்தேஷ் தின்றுகொண்டிருந்தோம். அதற்கப்புறம் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறோம், அந்தக் கடைக்குப் போன மாதிரி இல்லை. "வண்டியை விக்கவா?" என்று கேட்டேன். "சரி" என்றாள்.

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்க்கும் ஒருவர் தன் மனைவிக்காகக் கேட்டிருந்தார். கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரமும் வசந்தியே ஓட்டினாள். சாவியைக் கொடுத்த பிறகும், அந்தப் பெண் மிதாலியிடம் மழையில் முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது, குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக நேரமாகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புடவைத் தலைப்பால் சீட்டை ஒருமுறை துடைத்தாள். கிளம்பும்போது மிதாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"தீதி, இவ்வளவு ஆசையா வெச்சிருந்த வண்டியை ஏன் குடுக்கறீங்கன்னு கேக்க நினைச்சேன். அப்புறம் உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன், கேக்கலை."

பதினோரு கத்திகள்

கத்தி வந்தது. வசந்தி வாங்கிப் பார்த்தாள், "அழகா இருக்கு" என்றாள், திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

கொஞ்ச மாதம் கழித்து, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வயதான அம்மாள் தன் கணவர் சேர்த்த கத்திகளை விற்பதாகத் தெரிந்தது. கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. சனிக்கிழமை காலையில் போனேன். மாஷிமா என்று கூப்பிட்டேன். இங்கே வயதில் பெரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பெரிய கூடம். சுவரில் அங்கங்கே வெளிறிய சதுரங்கள், தரையில் ஏதோ கனமான சாமான் நின்ற தடம். தேக்குப் பெட்டியைத் திறந்தார். பதினோரு கத்திகள். செய்தவர் பெயர், எஃகின் வகை எல்லாம் கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது ரேடியோகிராம். இது சாப்பாட்டு மேஜை. இது கண்ணாடி அலமாரி." நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஏழாவது கத்தியில் நின்றிருந்தார். "இது என்னோட எஸ்ராஜ்."

எஸ்ராஜ் வில் போட்டு வாசிக்கிற வாத்தியம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசித்தவராம். எங்கிருந்து தைரியம் வந்ததோ, விற்பதற்கு முன்னால் உங்களைக் கேட்டாரா என்று கேட்டுவிட்டேன்.

"கேட்டாரே. நல்ல மனுஷர். நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேட்டார்."

மறுபடியும் கேட்டது

அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் வாங்கவில்லை. நான்கு சனிக்கிழமைகள் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து, விவரம் கண்டுபிடித்து எழுதி, நல்ல இடங்களுக்குப் போகும்படி செய்தேன். ஏழாவதை மட்டும் அவர் கடைசிவரை கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை.

முதல் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்து வசந்தியிடம், "ஸ்கூட்டரை விக்கவான்னு கேட்டப்ப, உனக்கு நிஜமாவே சம்மதமா?" என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து அடுக்கி வைத்தாள். "அன்னிக்கு நீங்க கேக்கலை. சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜப்பான் கத்தியை விற்றுவிடுவதாகச் சொன்னேன். "அதுவும் இப்ப சொல்றீங்க" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள், அந்த வீட்டில் எனக்கு நினைவிருக்கிற நல்ல நாட்களில் அது ஒன்று.

கத்தியைப் பார்க்க முதலில் வந்தவன் கார்த்திக், திருச்சிப் பையன், செக்டர் ஃபைவில் புதிதாகச் சேர்ந்தவன், கல்யாணமாகி ஆறு மாதம். மடக்கிப் பார்த்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவன் முகம் போன போக்கு எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். வாஷிங் மெஷினை விற்கப் போவதாகவும், மனைவியிடம் கேட்டாயிற்று, சரியென்று சொல்லிவிட்டாள் என்றும் சொன்னான். அவன் கையிலிருந்து கத்தியை வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்தேன். போய் இன்னொரு தடவை கேளுங்கள், மாட்டேன் என்று சொன்னாலும் பரவாயில்லை என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் மதியம் போன் வந்தது.

"கேட்டேன் சார். 'தாராளமா வித்துக்கோ, இனிமே ரெண்டு பேர் துணியையும் நீயே துவை'ன்னு சொல்றா. கத்தி உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

எட்டு வருடத்தில் வீட்டிலிருந்த எதையும் ஒரே வாரத்தில் விற்றுக் காட்டிய எனக்கு, வருகிறவர்களையெல்லாம் வீட்டில் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வரச் சொல்வதால், அந்தக் கத்தியை மட்டும் இன்றுவரை விற்க முடியவில்லை.